பதினெட்டுக்குக் கீழே

தமிழ்ச்செல்வி பதினோரு வருஷமாக அந்த ஐஸ்கிரீம் கிடங்கில் கப்புகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள். பங்குனி மாதம் அவளைக் காலை ஷிப்டுக்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். கழுத்தில் போட்டோ வைத்த அட்டை, உட்கார ஒரு நாற்காலி, பூட்டி வைக்க ஒரு மேஜை. அவனியாபுரத்தில் அவள் குடியிருந்த காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் அழகுபாண்டி, ஏறுகிற ஆட்களிடமெல்லாம், "வீட்டுல இப்ப ஆபீசருல்ல" என்று சொல்லிச் சிரித்தான்.

வேலை கொடுக்குமுன் மேனேஜர் விக்ரம் ஒன்றே ஒன்று கேட்டான். "பத்தாவது படிச்சிருக்கீங்கல்லக்கா?"

"படிச்சிருக்கேன் சார்."

அது பொய் இல்லை. படித்தாள். கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கி அதோடு நின்றுகொண்டாள். அந்த இரண்டாம் பாதியை அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இன்சார்ஜ் வேலையில் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. வரும் பெட்டி எத்தனை, போகும் பெட்டி எத்தனை என்று பார்க்க வேண்டும். அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்னொன்று, கோல்டு ரூம் கதவுக்கு மேலே சிவப்பு எண்ணில் ஒரு டிஸ்ப்ளே ஒளிர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு ஒருதரம் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணைக்கூட எழுத வேண்டாம். அச்சடித்த கட்டத்தில் கேள்வி இருந்தது: வெப்பநிலை –18-க்குக் கீழ் உள்ளதா? பக்கத்துக் கட்டத்தில் ஆம் அல்லது இல்லை. அதற்கும் பக்கத்தில் கையெழுத்து.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு அவள் அண்ணாந்து பார்த்தாள். 21. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. பட்டியல் போடும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் போடுவார்களே, அதுமாதிரி ஒரு கோடு என்று நினைத்துக்கொண்டாள். கழித்தல் குறி அவளுக்குத் தெரியும். ஆனால் கழிக்க வேண்டுமென்றால் முன்னால் ஓர் எண் இருக்க வேண்டும். இங்கே முன்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து எதைக் கழிப்பது? இருபத்தொன்று பதினெட்டுக்கு மேலேதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டு மணி நேரமும் அதையே எழுதினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாற்ற வந்த அருண்பாண்டி பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். "ஏய், எல்லாரும் இங்க வாங்கப்பா. அக்கா மொத நாளே கம்பெனிய மூடப் பாக்குது!" பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பேக்கிங் பெண்கள் திரும்பினார்கள். "இருபத்தொண்ணு நல்லதுக்கா. இருபது, இருபத்திரண்டு எல்லாம் நல்லாத்தான் ஓடுதுன்னு அர்த்தம். ஆம்னு போடுங்க." எல்லாவற்றையும் அடித்து அவனே மாற்றி எழுதினான்.

ஏன் நல்லது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. காது மடல் சூடாகி நின்றவளுக்கு, எல்லாரும் திரும்பி வேலையைப் பார்த்தால் போதுமென்றிருந்தது.

அன்றிலிருந்து அவள் இருபது பார்த்தாலும் ஆம், இருபத்திரண்டு பார்த்தாலும் ஆம். கேள்வி ஒன்று கேட்கிறது, தான் பொருந்தாத பதிலை எழுதுகிறோம் என்ற உறுத்தல் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் பழகிப்போனது.

சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் காலை ஏழு மணிக்கே தார் ரோட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. எட்டு மணிக்கு அண்ணாந்து பார்த்தபோது டிஸ்ப்ளேயில் 17. தமிழ்ச்செல்விக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பதினேழு பதினெட்டுக்குக் கீழே. ஒரு மாதத்தில் இன்றைக்குத்தான் கேள்வியும் பதிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. பெரிய எழுத்தில் ஆம் என்று எழுதினாள். ஒன்பதுக்குப் பதினாறு. பத்துக்குப் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் ஆம்.

பதினொரு மணிக்குச் சங்கிலி அவள் மேஜைக்கு வந்தான். பேரையூர்ப் பக்கத்து ஆள். நாலு வருஷமாக அங்கே பெட்டி ஏற்றி இறக்குகிறவன். வளவளவென்று பேசாதவன். ஜெர்கினைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அக்கா, உள்ள குளிரு பத்தலக்கா. பெட்டிய அமுக்குனா உள்வாங்குது."

"பதினாலு காட்டுதுப்பா. பதினெட்டுக்குக் கீழதான இருக்கு?"

"அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. எனக்குக் கைதான். எப்பவும் இந்த ஜெர்கினப் போட்டுக்கிட்டே நடுங்குவேன். இன்னைக்குக் கழட்டிட்டு வேல பாக்கேன். மேனேஜருக்கு ஒரு போன் போட்டுருங்க."

அவள் போனை எடுத்தாள். எடுத்த கையோடு முதல் நாள் சிரிப்பு காதில் கேட்டது. போன் போட்டு, விக்ரம் வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருந்துவிட்டால்? இன்னொரு தடவை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். போனை மேஜையில் வைத்தாள்.

"மிஷின் சரியாத்தான் காட்டுது. படிக்காத ஆளு பேச்சக் கேட்டுப் போன் போட்டா என்னைய என்ன நெனைப்பாக? போய் வேலையப் பாரு சங்கிலி."

அவன் ஜெர்கினை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவள் பதினொரு மணிக் கட்டத்தில் ஆம் எழுதினாள். பன்னிரண்டுக்கு எழுதினாள், ஒன்றுக்கு எழுதினாள். இரண்டுக்கும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று மணிக்கு அருண்பாண்டி டிஸ்ப்ளேயைப் பார்த்தபோது அது எட்டில் நின்றது. கோல்டு ரூமைத் திறந்தால் கீழ்வரிசைப் பெட்டிகள் நசுங்கி, இளகிய ஐஸ்கிரீம் தரையில் வழிந்துகொண்டிருந்தது. அறை நிறைய இருந்த சரக்கில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது.

மறுநாள் காலை விக்ரமின் அறையில் விசாரணை. மேஜையில் பதிவேடு விரித்துக் கிடந்தது. தமிழ்ச்செல்வி ஒரு பக்கம் நின்றாள். சங்கிலியும் அவனோடு பெட்டி ஏற்றும் விருமாண்டியும் இன்னொரு பக்கம்.

"ரெண்டு மணி வரைக்கும் ஆம், ஆம், ஆம்னு இருக்கு" என்றான் விக்ரம். "மூணு மணிக்கு மைனஸ் எட்டு. ஒரு மணி நேரத்துல பத்து டிகிரி எப்படிப் போகும்? கதவத் திறந்து போட்டாத்தான் போகும். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல வண்டியில ஏத்துனது யாரு?"

"நாங்கதான் சார்" என்றான் விருமாண்டி. "வண்டிகிட்ட நான் நின்னேன். உள்ள சங்கிலி."

"கதவ நான் திறந்து போடல சார்" என்றான் சங்கிலி. "குளிரு காலையிலயே போயிருச்சு. பதினொரு மணிக்கே நான் அக்காகிட்டச் சொன்னேன்."

விக்ரம் அவள் பக்கம் திரும்பினான். "சொன்னானாக்கா?"

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிருக்கும்? மூச்சு விடும் நேரம்கூட இல்லை. ஆமென்றால், ஏன் போன் போடவில்லை என்று கேட்பான். நாற்காலி போகும், கழுத்து அட்டை போகும், காம்பவுண்டில் கேசரி வாங்கித் தின்றவர்கள் கேட்பார்கள்.

"இல்ல சார். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

சங்கிலி அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ சரியாகக் காதில் விழாதவன் மாதிரி, இன்னொரு தரம் சொல்வாளோ என்று காத்திருப்பவன் மாதிரி பார்த்தான். அவள் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சொன்னதை விக்ரம் மறுபேச்சில்லாமல் நம்பினான். ஏன் நம்பினான் என்று அவளுக்குத் தெரியும். அவள் குடும்பமும் அவன் குடும்பமும் உசிலம்பட்டிப் பக்கம் பக்கத்துப் பக்கத்து ஊர். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். சங்கிலியின் ஆட்கள் அப்படிப்பட்டவர்களின் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். இதை அந்த அறையில் யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அன்று மத்தியானமே சங்கிலியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவன் சொன்னால்தான் என்ன? மிஷின் சரியாகத்தானே காட்டியது? கதவைத் திறந்து போட்டது அவன்தானே? சொன்னான் என்றாலும் சொல்லவில்லை என்றாலும் நடந்தது நடந்ததுதானே? மூன்று வாரம் இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அவளால் சாப்பிடவும் தூங்கவும் முடிந்தது.

மூன்று வாரம் கழித்து கம்ப்ரசர் மெக்கானிக் சுருளி வந்தார். ஐம்பது வயசுக்காரர். திருப்பரங்குன்றத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். கோல்டு ரூமைக் காலி பண்ணி, மிஷினை நிறுத்தி, சுவரில் படிந்த பனியை உருக்கிக் கழுவ வேண்டும். சரக்கெல்லாம் வேறு கிடங்குக்குப் போயிற்று. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுச் சுருளி மாடியில் இருந்த மிஷினைப் பிரித்துப் போட்டார்.

"தங்கச்சி, டிஸ்ப்ளேயப் பாத்துக்கிட்டே இரு. ஜீரோவத் தாண்டி ஒரு பத்து வரைக்கும் போனதும் ஒரு சத்தம் குடு."

ஜீரோவைத் தாண்டி எங்கே போகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. வழக்கம்போலக் கேட்கவில்லை. நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

இருபது. பத்தொன்பது. பதினெட்டு. கதவு வழியாக வெண்புகை மாதிரி குளிர் காலில் தவழ்ந்து வெளியே போயிற்று. பதினாறுக்கு வரும்போது புகை மெலிந்தது. பதினாலுக்கு அவள் எழுந்து போய்ச் சும்மா கதவோர உள்சுவரில் கை வைத்தாள். இத்தனை நாளும் தொட்டால் தோலைக் கவ்வும் சுவர், இன்று கவ்வவில்லை. பனியின் மேல்தோல் வழுவழுவென்று ஈரமாக இருந்தது. கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் தண்ணீர்.

பதினாலு. அந்த எண்ணை அவள் வாயாலேயே ஒருவனிடம் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். இப்போது கண்ணை எடுக்கவில்லை. பத்து. எட்டு. எட்டுக்கு வந்தபோதுதான் அன்று பெட்டிகள் நசுங்கி வழிந்தது. ஐந்துக்கு வரும்போது கதவோரக் கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. எண் சின்னதாகச் சின்னதாக அறை சூடாகிக்கொண்டே வந்தது. பிறகு சைபர். அவளுக்குச் சைபர் என்றால் ஒன்றுமில்லை, முடிந்தது என்று அர்த்தம். ஆனால் டிஸ்ப்ளே அங்கே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று என்று காட்டியது. முன்னால் இருந்த கோட்டைக் காணோம். இரண்டு. மூன்று. இந்தத் தடவை எண் பெரிதாகப் பெரிதாகச் சூடு ஏறியது. சுவரெல்லாம் தண்ணீராக வழிந்தது.

அவள் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு படிக்கிணறு உண்டு. தரையிலிருந்து எண்ணிக்கொண்டு இறங்குவார்கள். பதினைந்தாம் படியில் நிற்பவனுக்குக் கீழே இருப்பது பதினாறு, பதினெட்டு, இருபது. பதினெட்டாம் படிக்குக் கீழே போ என்றால் யாராவது பதினாலாம் படியில் போய் நிற்பார்களா? சைபர்தான் தரை. அந்தக் கோடு, தரைக்கு அடியில் இருக்கிறோம் என்று சொல்லும் கோடு. தரைக்கு மேலே மூன்றைவிட ஐந்து உயரம். தரைக்கு அடியில் மூன்றைவிட ஐந்து பள்ளம். அவ்வளவுதான். யாரும் சொல்லித் தராமலே அது அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

பத்தைத் தாண்டிப் பதின்மூன்று ஆனபிறகும் அவள் சத்தம் கொடுக்கவில்லை. சுருளியே இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி, தூங்கிட்டியா?"

"அண்ணே, பதினெட்டுல இருந்து பதினேழுக்கு வந்தா… என்ன செய்யணும்?"

"எனக்குப் போன் அடிக்கணும். போன மாசம் சரக்கு போச்சே, அன்னைக்கு அடிச்சிருந்தா அம்புட்டும் தப்பிச்சிருக்கும். மறுநாள் சாயங்காலம் நான்தான் வந்து பாத்தேன். குளிரு குடுக்குற கேஸு பைப்புல லீக்கு. காலையில இருந்தே கொஞ்சங் கொஞ்சமா ஏறிக்கிட்டுதான் வந்திருக்கும். கதவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மேனேஜர்கிட்டச் சொன்னேன். அந்தாளு காதுல வாங்கல." அழுக்குத் துணியில் கையைத் துடைத்தார். "அன்னைக்குக் காலையில எவன் டூட்டியோ, என்னத்தப் பாத்தானோ."



அவர் போனபிறகு பழைய பதிவேட்டை எடுத்து அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினாள். ஆம், ஆம், ஆம். எட்டு மணி ஆம் மற்றதைவிடப் பெரிதாக, பெருமையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுப் பெயரில் அவள் கையெழுத்து. சங்கிலியை வெளியே அனுப்பியது இந்தப் பக்கம்தான். பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேராக விக்ரம் அறைக்குப் போனாள்.

அவள் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"அக்கா, ரிப்போர்ட் மேல போயாச்சு. இப்ப மாத்தி எழுதுனா எனக்குத்தான் தலைவலி. நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க. இனிமே பதினெட்டுக்கு இந்தப் பக்கம் வந்தா போன் போடுங்க, அவ்ளோதான்."

"சங்கிலிக்கு வேல போச்சே சார்…"

"அவனுக்கு வேலையா இல்ல? எங்கிட்டாவது மூட்டை தூக்குவான். நம்ம பக்கத்து ஆளு நீங்க, ஒங்கள விட்டுக் குடுப்பேனாக்கா?"

ஆதரவாகத்தான் சொன்னான். தன் மேல் எச்சில் துப்பியது போல இருந்தது அவளுக்கு.

அன்றிரவு அழகுபாண்டி, "என்ன, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்றான். தலைவலி என்றாள். ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறி, திருமங்கலத்தில் மாறி, பேரையூரில் இறங்கினாள். விருமாண்டி சொன்ன அடையாளத்தை வைத்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் கரட்டு மேட்டோரமாக நடந்தாள். வழியில் என்ன சொல்வதென்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் 'எனக்குத் தெரியாது' என்றுதான் ஆரம்பித்தது.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. வாசலில் சங்கிலியின் பெண்டாட்டி தங்கப்பொண்ணு குழாய்த் தண்ணீருக்குக் குடங்களை வரிசை போட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வி பேரைச் சொன்னதும் அவள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஏங்க, ஒங்களத் தேடி வந்திருக்காக" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

சங்கிலி வந்தான். பேரையூரில் ஒரு சிமெண்ட் கடையில் மூட்டை இறக்குகிறானாம். கண் இமையில்கூடச் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. தமிழ்ச்செல்வி நின்றபடியே சொன்னாள். டிஸ்ப்ளேயைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள், பதினாலு என்றால் பதினெட்டுக்குக் கீழே என்று தான் நினைத்ததைச் சொன்னாள்.

"குளிர்ல பெரிய நம்பர்தான் கீழ. எனக்கு அது தெரியாது சங்கிலி. தெரியாமத்தான் ஆம் ஆம்னு எழுதிட்டேன். சத்தியமா தெரியாது."

அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு சொன்னான்: "எழுதுனது தெரியாம எழுதுனீக. சரி. எனக்கும் அது தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." நிறுத்தினான். "நான் ஒங்ககிட்ட வந்து சொன்னேன்ல?"

"சொன்ன."

"சொல்லலைன்னு சொன்னீகள்ல. அதும் தெரியாமச் சொன்னதா?"

மூன்று நாளாகக் கணக்கையே நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். கணக்குக்குப் பின்னால் இதை ஒளித்து வைத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. தங்கப்பொண்ணு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் வந்து, குடம் நிறைந்து வழிந்தது. யாரும் நிறுத்தவில்லை.

"இல்ல" என்றாள் தமிழ்ச்செல்வி. "அது தெரிஞ்சே சொன்னது."

சங்கிலி தலையை ஆட்டினான். ஆத்திரப்படவில்லை. "நாலு வருஷத்துல ஒரு பெட்டிய நான் கீழ போட்டதில்ல. கதவத் திறந்து போட்டுட்டுப் போனவன்னு பேராயிப் போச்சு. கூட வேல பாத்தவய்ங்ககூட அப்படித்தான் நெனைக்கிறாய்ங்க. எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? எங்க சொன்னீகளோ அங்க சொல்லுங்க."

"மன்னிச்சிரு சங்கிலி."

"மூணு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டீ வரும். பெட்டி ஏற்றுகிறவர்கள், பேக்கிங் பெண்கள், டிரைவர்கள் என்று இருபது பேராவது கிடங்கு வாசலில் நிற்பார்கள். அன்று சம்பளப் பேப்பர் வாங்க அருண்பாண்டியும் வந்திருந்தான். தமிழ்ச்செல்வி கதவு ஓரமாகப் போய் நின்றுகொண்டு, "ஒரு நிமிஷம், எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"சங்கிலி கதவத் திறந்து போடல. கேஸ் லீக்காகி காலையிலேயே குளிரு கொறஞ்சுபோச்சு. சங்கிலி பதினொரு மணிக்கே எங்கிட்ட வந்து சொன்னான். நான் காதுல வாங்கல. மேனேஜர் கேட்டப்ப, சொல்லவே இல்லைன்னு பொய் சொன்னேன்."



"அப்ப ரிஜிஸ்டர்ல ஆம்னு இருந்துச்சே?" என்றான் விருமாண்டி.

"பதினாலு காட்டுச்சு. பதினெட்டுக்குக் கீழன்னு நெனச்சு எழுதிட்டேன்."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. அருண்பாண்டிதான். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். ஆனால் அதற்குள் இரண்டு பேருக்குத் தொற்றிவிட்டது. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அன்றைக்குப் போனைக் கீழே வைத்தாள். இப்போது அது வந்து, முகத்தில் பட்டு, போயே போய்விட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது. இதற்காகவா?

விருமாண்டி சிரிக்கவில்லை. பாதி டீயைத் தரையில் ஊற்றினான். "நானும் அவனத்தான் நெனச்சேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பத்து நிமிஷத்தில் விக்ரம் கூப்பிட்டான். இந்தத் தடவை 'அக்கா' என்று கூப்பிடவில்லை. "எங்கிட்டச் சொன்னது பத்தாதா ஒங்களுக்கு? ஊரக் கூட்டிச் சொல்லணுமா?" என்றான். இருபது பேர் காதில் விழுந்ததை மூடி மறைக்க முடியாதென்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. மேலே இன்னொரு ரிப்போர்ட் போயிற்று. சங்கிலியைத் திரும்ப வரச் சொல்லிப் போன் போனது. அவன் வரவில்லை. சிமெண்ட் கடையே போதும் என்று சொல்லிவிட்டானாம். தமிழ்ச்செல்வியைப் பேக்கிங்குக்கே மாற்றினார்கள். கழுத்து அட்டையை அவளே கழற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அழகுபாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் ஆட்டோவின் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். "தெரியலைன்னா எங்கிட்டயாச்சும் கேட்டிருக்கலாம்ல?" என்றான் கடைசியில். பிறகு, "எனக்கும் தெரியாதுதான்" என்றான்.

பேக்கிங் மேஜையில் பழைய இடம் அப்படியே காலியாக இருந்தது. பக்கத்தில் உட்காரும் பெண்கள் முதல் நாள் சத்தமில்லாமல் இருந்தார்கள், இரண்டாம் நாள் பேசினார்கள். அவளுக்குத்தான் நிமிர்ந்து பேச வரவில்லை. யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடந்து போனால் கண் தானாகத் தாழ்ந்துகொள்ளும்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான் தங்கப்பொண்ணு பேசுறேன். பேரையூருல இருந்து."

தமிழ்ச்செல்வி எழுந்து வெளியே வந்து சுவரோரமாக நின்றாள். "சொல்லும்மா."

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீகளாம்ல. விருமாண்டி அண்ணே நேத்து வீட்டுக்கே வந்து சொல்லுச்சு."

"ஆமா."

"அவரு கேட்டுக்கிட்டாரு. ஒண்ணும் சொல்லல. விருமாண்டி அண்ணனச் சாப்பிடச் சொன்னாரு. ரெண்டு பேரும் சாப்பிட்டாக." பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "அம்புட்டுத்தான். ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. வச்சிர்றேன்."

"அவருகிட்ட…" என்று தமிழ்ச்செல்வி ஆரம்பிப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

வெயிலில் சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். உள்ளே போய்த் தூக்கைத் திறந்தாள். சாதத்தைப் பிசைந்து, தலை குனிந்தபடியே, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.